பழைய சிறு கார்களின் இஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழலலாம்?

அண்மையில் தென் பேராக்கிலுள்ள ரப்பர்த் தோட்டமொன்றிற்குத் தகவல் கூட்டம் நடத்தச் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்து, ஒலிபெருக்கியைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த வேளையில், இளைஞர் ஒருவர் என்னை அணுகித் தமது காரை வந்து பார்க்குமாறு அழைத்தார். லயத்தின் கடைசி வீட்டோரத்தில், தகரக் கொட்டகையின் கீழ், பாலாடை நிறத்தில் சாயம் பூசப்பெற்ற மோரிஸ் மைனர் கார் ஒன்று நின்றிருந்தது. 1959ஆம் ஆண்டு வண்டி. கணவனும் மனைவியும் பால் வெட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கியது. மணமக்களைப் பழைய காரில் ஏற்றிச் செல்வதை இப்பொழுது பலரும் விரும்புகின்றனர். ஆதலால் வார இறுதிகளில் அதனைத் திருமணங்களுக்கு வாடகைக்கு விட்டுச் சிறிது வருமானம் பெறலாம் என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணமே.

ஆனால், அடுத்து அவர் கூறியது என்னைத் திடுக்கிடச் செய்தது. “மூன்றாம் கியரிலேயே அறுபது மைல் போகிறது ஐயா. இன்னும் தாங்கும் போலிருக்கிறது. எதுவரைக்கும் முறுக்கலாம்? மினி கூப்பர் காரிலும் இதே இஞ்சின்தான், அது ஏழாயிரம் சுற்றும் என்று கூட்டாளி சொல்கிறான்” என்றார். நான் நின்ற நிலையிலேயே இரண்டு நிமிடம் விளக்கம் சொன்னேன். வீடு திரும்பும் வழியில், அவ்விளக்கம் போதாது என்று என் மனமே எனக்கு உரைத்தது. அந்த இஞ்சின் உடைந்தால் உடைவது இரும்பு மட்டுமன்று. இரண்டு பேர் பல ஆண்டுகள் விடியற்காலையில் எழுந்து சேர்த்த சேமிப்பும் உடன் உடையும். ஆதலால் அக்கேள்விக்கு இம்மாதம் சற்று விரிவாகவே விடை காண்போம்.

முதலில் ‘சுழற்சி’ என்பது யாது? இஞ்சினின் அடிப்பகுதியில் கிராங்க் தண்டு என்னும் வளைந்த உருக்குத் தண்டு ஒன்று உண்டு. அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவதே ஒரு சுழற்சி. ஒரு நிமிடத்தில் அது 5,000 முறை சுற்றினால், அதன் நிமிடச் சுழற்சி 5,000 என்கிறோம். அதனுடன் இணைப்புத் தண்டு வழியாகப் பிஸ்டன் பிணைக்கப்பட்டிருக்கிறது. கிராங்க் தண்டு ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் பிஸ்டன் ஒரு முறை மேலேறி ஒரு முறை கீழிறங்குகிறது. ஒவ்வொரு முனையிலும் அது ஒரு கணம் முற்றாக நின்று, பின் எதிர்த்திசையில் ஓடவேண்டும். 5,000 சுழற்சியில் ஒரு நிமிடத்திற்குப் பத்தாயிரம் முறை, அதாவது ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 167 முறை, அந்தப் பிஸ்டன் நின்று திரும்புகின்றது. 

இதில்தான் ஆபத்தும் அடங்கியிருக்கிறது. பால் வாளியில் பாதி தண்ணீர் நிரப்பி, கையை நீட்டி, தலைக்கு மேலாகச் சுழற்றும் விளையாட்டை நம்மில் பலர் சிறுவயதில் விளையாடியிருப்போம். மெதுவாகச் சுழற்றும்போது கையில் ஓரளவே இழுப்புத் தெரியும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் இழுப்பு இரட்டிப்பாகும் என்றுதான் எவரும் நினைப்பர். உண்மை அதுவன்று, இழுப்பு நான்கு மடங்காகிறது. மூன்று மடங்கு வேகத்திற்கு ஒன்பது மடங்கு இழுப்பு. வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி வருவதே இழுப்பின் அளவு. இஞ்சினுக்குள் இருக்கும் பிஸ்டனுக்கும் இதே விதிதான். 4,000 சுழற்சியில் இணைப்புத் தண்டு தாங்கும் இழுப்பை ஒன்று என்று கொண்டால், 5,000இல் அது ஒன்றரைக்கும் சற்று மேல், 6,000இல் இரண்டேகால், 7,000இல் மூன்று மடங்கைத் தாண்டுகிறது. ‘இன்னும் ஆயிரம் சுற்றுத்தானே’ என்று நாம் எண்ணும் ஒவ்வோர் ஆயிரமும் முந்திய ஆயிரத்தைவிடக் கனமானது.

எண்ணாகச் சொன்னால் நம்புவதற்குக் கடினமாக இருக்கும், இருப்பினும் சொல்லுகிறேன். மேற்கண்ட இளைஞரின் 948 கன செண்டிமீட்டர் இஞ்சினில் ஒரு பிஸ்டனும் அதன் வளையங்களும் ஊசியும் சேர்ந்து 300 கிராம் எடை என்று ஒரு கணக்கிற்காக வைத்துக்கொள்வோம். 5,000 சுழற்சியில் அந்தப் பிஸ்டன் மேல்முனையில் நின்று திரும்பும் கணத்தில், பூமியின் ஈர்ப்பைப்போல் ஏறத்தாழ 1,300 மடங்கு வேகமாற்றத்திற்கு உள்ளாகிறது. அப்பொழுது இணைப்புத் தண்டின்மேல் விழும் இழுப்பு ஏறக்குறைய 400 கிலோகிராம் எடைக்குச் சமம். ஐம்பது கிலோ சிமெண்டு மூட்டைகள் எட்டினைக் கட்டித் தொங்கவிட்டது போன்றது அது. 7,000 சுழற்சியிலோ மூட்டைகள் பதினாறு. கைவிரல் கனமே உள்ள ஒரு தண்டும், அதன் அடியிலுள்ள இரண்டு திருகாணிகளும் இதனை விநாடிக்குப் பலமுறை தாங்கவேண்டும்.

தாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. உலோகத்திற்குக் களைப்பு உண்டு. மிகுதியாக இழுபட்ட ஒவ்வொரு முறையும், கண்ணுக்குப் புலப்படாத விரிசல் ஒன்று மயிரிழையளவு நீளுகின்றது. இன்று ஏழாயிரம் சுற்றி ஒன்றும் நேராமற் போகலாம். அடுத்த மாதம் நாலாயிரத்தில் அமைதியாகச் செல்லும்போது தண்டு முறிந்து, இஞ்சினின் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வரலாம். அப்பொழுது, ‘மெதுவாகத்தானே ஓட்டினேன்’ என்று ஓட்டியவர் வியப்படைவார். ரப்பர் மரத்தை அளவுக்குமீறி வெட்டினால் அன்றைக்குப் பால் கூடுதலாகக் கிட்டுவதும், பின்னர் பட்டை வறண்டு மரமே பால் தராமற் போவதும் நமக்குப் புதிய செய்தியன்று.

இனி, எந்த அளவு பாதுகாப்பானது என்பதைக் கணிக்கும் வழியைப் பார்ப்போம். இஞ்சின் வல்லுநர்கள் ‘பிஸ்டனின் சராசரி வேகம்’ என்ற ஓர் அளவைக் கையாள்கின்றனர். பிஸ்டன் மேல்முனையிலிருந்து கீழ்முனைக்குச் செல்லும் தூரத்திற்கு ‘வீச்சு’ என்று பெயர். வீச்சை மீட்டரில் எழுதி, அதனை நிமிடச் சுழற்சியால் பெருக்கி, முப்பதால் வகுத்தால், பிஸ்டன் விநாடிக்குச் சராசரியாக எத்தனை மீட்டர் ஓடுகின்றது என்பது வரும். வீச்சு நீளமான இஞ்சின் குறைவாகவே சுழலவேண்டும். வீச்சுக் குட்டையானது கூடுதலாகச் சுழலலாம். எல்லா விதிகளிலும் இதுவே நினைவில் கொள்ளத்தக்கது.

மோரிஸ் மைனர் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948இல் வெளிவந்தபோது அதில் இருந்தது 918 கன செண்டிமீட்டர் கொண்ட பழைய பாணி இஞ்சின். 1951இல் ஆஸ்டின் ஏ30 காருக்காக 803 கன செண்டிமீட்டரில் ஒரு புதிய இஞ்சின் பிறந்தது. ‘ஏ வரிசை’ என்று பெயர்பெற்ற அந்த இஞ்சின் 1952இல் மைனருக்கும் வந்தது; 1956இல் 948 ஆகவும், 1962இல் 1098 ஆகவும் பெரிதாக்கப்பட்டது. 1959இல் வந்த மினி காரிலும் அதே வரிசையைச் சேர்ந்த 848 கன செண்டிமீட்டர் இஞ்சின்தான். இவ்வரிசை 2000ஆம் ஆண்டில் மினியின் உற்பத்தி நிறுத்தப்படும்வரை நீடித்தது. ஒரே குடும்பந்தான், ஆனால் பிள்ளைகளின் வீச்சு வெவ்வேறு. 948க்கு 76.2 மில்லிமீட்டர். 1098க்கு 83.7. மினியின் 848க்கு 68.3.

948 இஞ்சின் தனது முழு ஆற்றலாகிய 37 குதிரைத்திறனை 4,750 சுழற்சியில் தந்தது. அந்நிலையில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 12 மீட்டர். அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இஞ்சினை, விநாடிக்கு 13 மீட்டருக்குமேல் ஓடவிடக் கூடாது என்பது என் சொந்த முடிவு. புதிய இஞ்சின்கள் இதனைவிட மிகுதியாகத் தாங்குகின்றன. ஆனால் நாம் பேசுவது பாட்டன் காலத்து உலோகத்தைப் பற்றி. இந்தக் கணக்கின்படி 948க்கு உச்ச அளவு ஏறத்தாழ 5,100 வருகிறது. நான் 5,000 என்றே வைத்துக்கொள்கிறேன். நீண்ட வீச்சுடைய 1098க்கு 4,650. இது பலருக்கு வியப்பளிக்கும். 1098 பெரிய இஞ்சின், 48 குதிரைத்திறன் உடையது, அதுவும் 5,100 சுழற்சியில்; ஆகவே கூடுதலாக முறுக்கலாம் என்றுதான் நினைப்பார்கள். புதிதாக இருந்தபோது அது 5,100ஐத் தாங்கியது. இன்று அதன் நீண்ட வீச்சே நம்மை எச்சரிக்கின்றது.

மினி கூப்பர் எஸ் காரைப் பற்றி அந்த நண்பர் கூறியதில் பாதி உண்மை உண்டு. அதுவும் ஏ வரிசையே. ஆனால் 1964இல் வந்த அதன் 970 கன செண்டிமீட்டர் இஞ்சினின் வீச்சு 61.9 மில்லிமீட்டர்தான். அது 6,500 சுழற்சியில் 65 குதிரைத்திறன் தந்தபோது, பிஸ்டனின் வேகம் விநாடிக்கு 13.4 மீட்டர். நமது 948 சுமார் 5,300இலேயே அவ்வேகத்தை எட்டிவிடும். மேலும் கூப்பர் எஸ்ஸின் கிராங்க் தண்டு தனி உருக்கில் செய்யப்பட்டு, நைட்ரஜன் முறையில் மேற்பரப்பு கடினமாக்கப்பட்டது. அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஒரே சுமையைத் தூக்க முடியாதன்றோ! ஹோண்டா நிறுவனம் 1964இல் வெளியிட்ட எஸ்600 என்னும் சிறு காரோ 606 கன செண்டிமீட்டர் இஞ்சினை 8,500 சுழற்சியில் ஓட்டியது. அது உருளைப் பேரிங்குகளுடன் மோட்டார் சைக்கிள் பாணியில் அமைந்த இஞ்சின். அந்த எண்ணைக் கண்டு மயங்கி மைனரை முறுக்குதல் தவறு.

வீச்சுக் கணக்கு மட்டும் போதுமா என்றால், போதாது. போக்ஸ்வாகன் வண்டு காரின் 1200 இஞ்சினுக்கு வீச்சு 64 மில்லிமீட்டர். நமது கணக்கின்படி அது ஆறாயிரம்வரை சுழலலாம். ஆனால் அதனைச் செய்தவர்கள், சிறிய கார்புரேட்டரையும் குறுகிய மூச்சுக் குழாயையும் பொருத்தி, 3,600 சுழற்சியிலேயே அதன் 34 குதிரைத்திறனும் முடிந்துவிடும்படி அமைத்தார்கள். அந்நிலையில் பிஸ்டனின் வேகம் விநாடிக்கு எட்டு மீட்டர்கூட இல்லை. ஆகையால்தான் அக்காரை நாள் முழுதும் முழு வேகத்தில் ஓட்டலாம் என்று துணிந்து விளம்பரம் செய்தார்கள். மூச்சு முட்டும் இஞ்சின் தன்னைத்தானே காத்துக்கொள்ளுகிறது. இந்தக் கருத்தைச் சற்று நினைவில் வையுங்கள், பின்னர் தேவைப்படும்.

இன்னொரு தடையும் உண்டு. அது வால்வுகளின் சுருள்வில். காற்றும் பெட்ரோலும் உள்ளே வரவும், புகை வெளியேறவும் வால்வுகள் திறந்து மூடவேண்டும். திறப்பது தள்ளுதண்டின் வேலை. மூடுவது சுருள்வில்லின் வேலை. 5,000 சுழற்சியில் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 42 முறை மூடப்படவேண்டும். வேகம் மிகும்போது வில்லுக்கு நேரம் போதுவதில்லை. வால்வு தன் இருக்கையில் அமராமல் மிதக்கத் தொடங்குகிறது. அப்பொழுது தகரத்தில் சரளைக்கல் கொட்டியது போன்ற சத்தம் எழும். ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறாது. பழைய வில் தளர்ந்து போயிருந்தால் இது முன்னதாகவே நேரும். அச்சத்தம் கேட்டால், அந்த இஞ்சினின் எல்லையை ஏற்கெனவே கடந்துவிட்டோம் என்பது பொருள். உடனே காலை எடுக்கவேண்டும்.

சரி, ஐயாயிரம் என்று தெரிந்துகொண்டோம். மைனரில் சுழற்சி காட்டும் மானி இல்லையே, எப்படி அறிவது? வேகமானியைக் கொண்டே அறியலாம். வீட்டு முற்றத்தில் செய்யத்தக்க எளிய கணக்கு இது. டயரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடிட்டு, அக்கோடு தரையைத் தொடும் இடத்தில் தரையிலும் ஓர் அடையாளமிடுங்கள். காரை நேராகத் தள்ளி, டயர்க்கோடு மீண்டும் தரையைத் தொடும் இடத்தைக் குறியுங்கள். இரண்டிற்கும் இடையிலுள்ள தூரமே சக்கரத்தின் ஒரு சுற்று. எங்கள் வீட்டு மைனரில் அது 1.82 மீட்டர். இதனை 60ஆல் பெருக்கி, பின்னச்சின் பற்சக்கர விகிதத்தால் வகுக்கவேண்டும். 948 மைனருக்கு அவ்விகிதம் 4.55. விடை 24. அதாவது நான்காம் கியரில் இஞ்சின் ஆயிரம் சுழற்சி சுழலும்போது கார் மணிக்கு 24 கிலோமீட்டர் செல்லும். ஐயாயிரத்திற்கு 120 கிலோமீட்டர். சமதரையில் அக்காரால் அவ்வேகத்தை எட்ட இயலாது. ஆகவே நான்காம் கியரில், சமதரையில், அச்சமில்லை.

கீழ்க் கியர்களுக்கு இதே எண்ணை அந்தந்தக் கியரின் விகிதத்தால் வகுக்க வேண்டும். மூன்றாம் கியர் விகிதம் 1.41, ஆகவே உச்சம் மணிக்கு 85 கிலோமீட்டர், அதாவது 53 மைல். இரண்டாம் கியர் 2.37, உச்சம் 50 கிலோமீட்டர், 31 மைல். முதல் கியர் 3.63, உச்சம் 33 கிலோமீட்டர், 20 மைல். இப்பொழுது நமது இளைஞரின் பெருமையைச் சோதித்துப் பாருங்கள். மூன்றாம் கியரில் 60 மைல் என்றால் 97 கிலோமீட்டர். இஞ்சின் சுழற்சி 5,700. ‘இன்னும் தாங்கும் போலிருக்கிறது’ என்று அவருக்குத் தோன்றியபோதே எல்லையைத் தாண்டி எழுநூறு சுழற்சி ஆகியிருந்தது.

கணக்கில் ஐயமிருப்பின், கடைகளில் கிட்டும் சுழற்சிமானியைத் தீப்பொறிச் சுருளுடன் இணைத்துச் சரிபார்க்கலாம். நான்கு சிலிண்டர் இஞ்சினில் ஒரு சுழற்சிக்கு இரண்டு தீப்பொறி. மானியை நான்கு சிலிண்டருக்கு என்று திருப்பி வைத்தல் அவசியம்.

இவ்வளவும் எனக்கு யாரும் பாடமாகச் சொல்லித் தந்ததில்லை. என் தந்தையார் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். 1974இல் அவர் பழையதாக வாங்கிய 948 மைனர் எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையைப்போலவே வளர்ந்தது. 2004இல் நான் புதிதாக ஆசிரியர் பணியில் சேர்ந்திருந்த சமயம், பெற்றோரைக் கேமரன் மலைக்கு அழைத்துச் சென்று, தாப்பா வழியாக இறங்கிக்கொண்டிருந்தேன். அடிவாரத்தை நெருங்கும் ஒரு நேர்ச்சாலையில் மூன்றாம் கியரில் 45 மைல் வேகம். நான்காம் கியருக்கு மாற்ற எண்ணித் தண்டைக் கீழ்நோக்கி இழுத்தேன். கை சற்று இடப்புறம் சாய்ந்துவிட்டது. விழுந்தது இரண்டாம் கியர். கிளட்சை விட்டதும் இஞ்சின் அலறியது, பின்சக்கரங்கள் கீச்சிட்டன. ஒரு விநாடிக்குள் மீண்டும் கிளட்சை மிதித்துவிட்டேன். அப்பா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஏழெட்டு மைல் சென்றபின் இஞ்சினின் அடியிலிருந்து ‘டொக், டொக்’ என்று கனத்த ஓசை. தாப்பாவில் ஒரு சீனர் பட்டறைக்குக் கயிறு கட்டி இழுத்துச் சென்றோம். அவர் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி, பேரிங் ஓடு ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். வெள்ளை உலோகப் பூச்சுப் பெயர்ந்து, அடியிலிருந்த செம்பு நிறம் தெரிந்தது. தள்ளுதண்டுகள் இரண்டு வளைந்திருந்தன. நான் ஆசிரியன் என்று அறிந்துகொண்டு, “சிக்கு, இது மிதித்துக் கெட்டதில்லை, கியர் மாற்றிக் கெட்டது” என்று மலாயில் சொன்னார். பார்த்த மாத்திரத்தில் எப்படி அறிந்தாரோ! பழுதுபார்க்க என் இரண்டு மாதச் சம்பளம் ஆயிற்று.

பிற்பாடுதான் கணக்கிட்டுப் பார்த்தேன். 45 மைல் என்பது 72 கிலோமீட்டர். மூன்றாம் கியரில் இஞ்சின் 4,200 சுழற்சியில் இருந்தது. இரண்டாம் கியரில் அதே வேகத்திற்கு 7,100. ஆக்சிலரேட்டரை அழுத்தி அந்த இஞ்சினை ஏழாயிரத்திற்குக் கொண்டுசெல்ல முடியாது. அதற்கு முன்பே அதற்கு மூச்சு முட்டிவிடும், வால்வுகள் மிதந்துவிடும். ஆனால் சக்கரங்கள் இஞ்சினைப் பிடித்துச் சுழற்றும்போது மூச்சுக்கு அங்கே வேலையில்லை. காரின் முழு எடையும், மலையின் சரிவும் சேர்ந்து அதனை எவ்வளவுக்கும் சுழற்றும். ஆகவே பழைய காருக்கு மிகப் பெரிய ஆபத்து வேகமாக ஓட்டுவதில் இல்லை. இறக்கத்தில் தவறான கியருக்கு மாறுவதில் இருக்கிறது. இறக்கத்திற்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, உரிய கியருக்கு மாறிக்கொள்ளுங்கள். மூன்றிலிருந்து நான்கிற்கு இழுக்கும்போது தண்டை விரல்களால் இறுகப் பற்றாமல், உள்ளங்கையால் வலப்புறமாக அணைத்து இழுத்தால் இரண்டில் விழாது. கிளட்சை மெதுவாக விட்டு, இஞ்சினின் குரலைக் கேட்டபின் முழுவதும் விடுங்கள். தவறிவிட்டால் பிரேக்கைத் தேடுவதற்கு முன் கிளட்சை மிதியுங்கள்.

இதனைப் படித்துவிட்டுச் சிலர் எந்நேரமும் நான்காம் கியரில் ஊர்ந்து செல்லத் தலைப்படலாம். அதுவும் கேடே. ஏற்றத்தில் 20 மைல் வேகத்தில் நான்காம் கியரைப் பிடித்துக்கொண்டிருந்தால், இஞ்சின் 1,300 சுழற்சியில் முழுச் சுமையையும் சுமக்கிறது. அவ்வேளையில் எண்ணெய் அழுத்தம் குறைவு. பேரிங்கில் எண்ணெய்ப் படலம் மெல்லியது. ஒவ்வொரு வெடிப்பும் சுத்தியலாக அடிக்கிறது. 948 இஞ்சின் தனது முழு இழுவையைத் தருவது 2,500 சுழற்சியில். ஆகவே 2,000க்கும் 4,000க்கும் இடையில் வைத்து ஓட்டுவதே அதற்கு உகந்தது. காலையில் இஞ்சின் குளிர்ந்திருக்கும்போது முதல் சில கிலோமீட்டருக்கு 2,500ஐத் தாண்டாதீர்கள். எண்ணெய் எல்லா மூலைகளுக்கும் சூடாகிச் சென்று சேரவேண்டும்.

நெடுஞ்சாலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மணிக்கு 110 கிலோமீட்டர் என்ற பலகை சாலைக்குரிய வரம்பு. உங்கள் இஞ்சினுக்குரிய வரம்பன்று. அவ்வேகத்தில் 948 மைனர் 4,600 சுழற்சியில் மணிக்கணக்காக ஓடவேண்டிவரும். 80 கிலோமீட்டரில் அது 3,300தான். பிஸ்டனின் வேகம் விநாடிக்கு எட்டரை மீட்டர். மாப்பிள்ளை ஊர்வலத்திற்கு அதற்குமேல் என்ன அவசரம்? இடப்புறத் தடத்தில், லாரிகளுக்குப் பின்னால் பொறுமையாகச் செல்லலாம்.

வேறு கார் வைத்திருப்போர் தங்கள் கையேட்டில் வீச்சையும், பின்னச்சு விகிதத்தையும், கியர் விகிதங்களையும் பார்த்து இதே கணக்கைச் செய்து கொள்ளலாம். கையேட்டில் உச்சச் சுழற்சி தரப்பட்டிருந்தால், அதற்கும் நமது கணக்கிற்கும் எது குறைவோ அதனைக் கொள்ளுங்கள். 1098 மைனரில் பின்னச்சு விகிதம் 4.22, டயர் அதே அளவாயின் ஆயிரம் சுழற்சிக்கு எத்தனை கிலோமீட்டர் வரும் என்பதைப் பள்ளியில் படிக்கும் உங்கள் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். 26க்குச் சற்றுக் குறைவாக வரவேண்டும்.

இதனை எழுதி முடிக்கும் முன்னர், அந்தத் தோட்டத்திற்கு மீண்டும் ஒருமுறை சென்றேன். இளைஞர் டயரை அளந்து கணக்குப் போட்டிருந்தார். வேகமானிக் கண்ணாடியின்மேல், அவர் மனைவியின் நகச்சாயத்தால் மூன்று சிவப்புப் புள்ளிகள்: 20 மைலில் ஒன்று, 30இல் ஒன்று, 50இல் ஒன்று. “நான்காவது கியருக்குப் புள்ளி வேண்டாமா, ஐயா?” என்று அந்த அம்மையார் வினவினார். சமதரையில் வேண்டாம் அம்மா, இறக்கத்தில் மட்டும் 65 மைலுக்கு மேல் விடவேண்டாம் என்றேன். அவர் உள்ளே சென்று நகச்சாயப் புட்டியை எடுத்து வந்தார்.